நவம்பர் ஒன்றும் ஜனவரி ஒன்றும்

சென்ற மாதம் பாரிசிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் வந்திருந்தான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கே ஐம்பது ஆகிவிட்டது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "சித்தப்பா, இங்கே ஒருத்தருக்குக் கவர்மெண்ட் வேலை போயிடுச்சுன்னா மாசம் எவ்வளவு கொடுப்பாங்க?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணும் கொடுக்க மாட்டாங்கப்பா" என்றேன். அவன் நம்பவில்லை.

அவன் இருக்கும் நாட்டில் வழக்கம் வேறு. ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஆளை அரசு அலுவலகம் நிறுத்தினால், அவருக்கு வேலையில்லாக் காலத்துப் படியைப் பெரும்பாலும் அந்த அலுவலகமே கொடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். மத்திய அரசில் வேலை இழந்தவர்களுக்குப் படி கொடுக்க அங்கே 1954இல் சட்டம் செய்தார்கள். பணத்தை மாநிலம் பட்டுவாடா செய்யும். அந்த ஆளை வைத்திருந்த துறை பிற்பாடு அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆளை நிறுத்தினால் தன் பட்ஜெட்டிலேயே கை வைக்கிறது என்று தெரிந்தால், அதிகாரி இரண்டு முறை யோசிப்பார் அல்லவா? செலவைக் கட்டுப்படுத்த அது ஒரு வழி.

நம் நாட்டில் தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தில் சந்தா கட்டும் தனியார் தொழிலாளிக்கு 2005 முதல் ஏதோ ஒரு வகையில் வேலையில்லாப் படி இருக்கிறது. அரசு ஊழியர் அதில் சேரமாட்டார். அவர் வகித்த பதவியையே அரசு ஒழித்துவிட்டால், மாற்று வேலை கொடுக்க முடியாத நிலையில், மத்திய ஓய்வூதிய விதிகளின்படி இழப்பீட்டு ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு. பத்து வருட சர்வீஸ் இருந்தால் மாதப் பென்ஷன், இல்லையென்றால் கையில் ஒரு தொகை, அவ்வளவுதான். முப்பத்தாறு வருட சர்வீஸில் அப்படிப் பென்ஷன் வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பதவியை ஒழித்தாலும் ஆளை உபரி என்று எழுதி வேறு அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் பதவி இல்லை, அரசாங்கமே ஒழிந்துபோனால்? அமெரிக்கா அந்தச் சட்டம் செய்த அதே 1954இல் நம் காரைக்காலில் அதுதான் நடந்தது.

1739இல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய ஊர் இது. இருநூறு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். மூன்று நாள் கழித்து டெல்லியில் இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நவம்பர் ஒன்றாம் தேதி நிர்வாகம் கை மாறியது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. கொடியேற்றம், ஊர்வலம், மிட்டாய் எல்லாம் அதில் வந்துவிடும். நவம்பர் மாதச் சம்பளத்தை யார் கொடுப்பார்கள் என்பது மட்டும் பாடத்தில் வராது.

என் அப்பா அப்போது காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகத்தில் குமாஸ்தா, வயது 31. நான் கைக்குழந்தை, அக்காவுக்கு மூன்று வயது. வரிச்சிக்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவார். அக்டோபர் கடைசி வாரத்தில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சுதந்திரத்தின்மேல் வருத்தம் ஒன்றும் கிடையாது. அவர் பயம் வேறு. அவருக்குத் தெரிந்த ஆபீஸ் பாஷை பிரெஞ்சு. ஃபைல் எழுதும் முறை, கணக்கு வைக்கும் முறை எல்லாமே பிரெஞ்சு. பூவத்தைத் தாண்டினால் எல்லாம் இங்கிலீஷ். தரங்கம்பாடிப் பக்கத்து ஆபீசில் நம்மை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறார். சைகோனில் இருந்த மைத்துனருக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தாராம். தபாலில் சேர்க்கவில்லை.

சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவு. பிரான்சின் சொந்தக் கேடரைச் சேர்ந்தவர்கள் நீங்கலாக, இங்குள்ள எல்லா ஊழியர்களையும் இந்திய அரசு தன் பணியில் எடுத்துக்கொள்ளும். போலீஸ் உட்பட. சம்பளம், விடுப்பு, பென்ஷன் எல்லாம் நவம்பர் ஒன்றுக்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே தொடரும். அதற்கு முன்னால் கடமையின் பேரில் செய்த எதற்காகவும் ஒருவரையும் நீக்கக்கூடாது, அவர்கள் எதிர்காலத்துக்கும் கெடுதல் செய்யக்கூடாது. இதே ஷரத்து 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தான முழு உடன்படிக்கையிலும் இடம்பெற்றது.

கடைசியாகச் சொன்ன விஷயத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் விடுதலை இயக்கத்தாரைப் பிடித்து உள்ளே வைத்த போலீஸ்காரர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. மேலே இருந்து வந்த உத்தரவைச் செய்தவன் என்று அவர்களை விட்டுவிட்டார்கள். ஊரில் சிலருக்கு அது வயிற்றெரிச்சல்தான். எனக்கு இப்போது நினைத்தாலும், அது பெரிய மனசு மட்டும் இல்லை, கெட்டிக்காரத்தனமும்கூட என்றுதான் தோன்றுகிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கு இடத்திலும் படித்தவர்களை ஒரே நாளில் தெருவில் விட்டிருந்தால், அவர்களுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், வேலை தெரிந்த ஆளையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இரட்டைச் செலவு. வைத்துக்கொண்டதுதான் சிக்கனம். நவம்பர் சம்பளம் வந்தது. அப்பா அதற்கு அடுத்த வருடமே இங்கிலீஷ் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

அடுத்தது ஏற்கனவே ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் இனி யாருடைய செலவு? 1956 உடன்படிக்கையில் இதற்கும் விடை இருக்கிறது. பிரான்சின் தலைமை பட்ஜெட்டிலிருந்து போய்க்கொண்டிருந்த பென்ஷன்களைப் பிரான்சே தொடர்ந்து கொடுக்கும், வாங்குபவர் இந்தியக் குடிமகனாகிவிட்டாலும் சரி. இங்குள்ள உள்ளூர் பட்ஜெட்டிலிருந்து போன பென்ஷன்களும் படிகளும் இந்தியாவின் பொறுப்பு. உள்ளூர் ஓய்வூதிய நிதிகளின் முறையும் அப்படியே நீடிக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் போலத்தான், பாத்திரத்துக்குப் பதிலாகப் பென்ஷன்காரர்கள்.

இந்த மாதிரிச் செலவுக்கு வால் நீளம். ஊழியர் போனாலும் மனைவி இருப்பார். எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாள், கணவர் காலமான பிறகு நாற்பது வருடத்துக்குமேல் குடும்ப ஓய்வூதியம் வாங்கினார். கணவர் வேலை பார்த்த வருடங்களைவிட அது அதிகம். கையெழுத்துப் போட்டபோது டெல்லியில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். போட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள், நிதித்துறைக்காரர்களைக் குறைத்து எடைபோடக்கூடாது.

எங்கள் தெருக்கோடியில் சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16இல் உடன்படிக்கை சட்டப்படி அமலுக்கு வந்தபோது, இங்கே இருந்தவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சொல்தா தாத்தா எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. அந்த ஒரு காகிதம் இரண்டு குடும்பங்களை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. திண்ணையில் என்னிடம் கேள்வி கேட்ட பையன் அந்தத் தாத்தாவின் பேரன்தான்.

தாத்தாவின் பென்ஷன் பிரான்சில் விலைவாசி ஏற ஏற ஏறும். மாதம் பிறந்தால் அவர் வீட்டில் ஆட்டுக்கறி வாசனை வரும். எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பொறாமை இருந்தது உண்மை. ஆனால் அவரே ஒரு தடவை என் அப்பாவிடம் வருத்தத்தோடு சொன்னார். சைகோனில் அவரோடு இருந்த செனகல் நாட்டுக்காரர்களுக்குப் பென்ஷன் ஏறுவதே இல்லையாம். எனக்கு அது அப்போது புரியவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் விவரம் தெரிந்தது.

1959 டிசம்பர் 26ஆம் தேதி பிரான்ஸ் தன் நிதிச் சட்டத்தில் 71ஆவது பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தது. முன்பு தன் ஆட்சியின் கீழ் இருந்து பிரிந்துபோன நாடுகளின் குடிமக்களுக்குப் பென்ஷன் இனி ஏறாது, அன்றைய அளவிலேயே நிற்கும் என்பது அதன் சாரம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உறையவைத்தல்'. தண்ணீர் பனிக்கட்டி ஆவது போல. ஒரே படைப்பிரிவு, ஒரே போர், ஒரே காயம். பிரெஞ்சுக் குடிமகனுக்கு ஒரு தொகை, செனகல்காரருக்கு அதில் ஒரு துண்டு. வருடம் போகப் போக அந்தத் துண்டும் கரைந்தது. ஒருவரையும் நீக்கவில்லை, ஒருவருடைய பென்ஷனையும் நிறுத்தவில்லை. கூட்டுவதை மட்டும் நிறுத்தினார்கள். விலைவாசி மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. செலவைக் குறைக்க இதைவிடச் சத்தமில்லாத வழி கிடையாது.

செனகல் நாட்டு முன்னாள் வீரர்கள் 743 பேர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 1989இல் அந்தக் குழு இது பாகுபாடு என்று சொன்னது. சொன்னதோடு சரி. 2001இல் தியோப் என்ற செனகல்காரரின் வழக்கில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதையே சொன்னது. அரசு கொஞ்சம் ஏற்றியது, முழுதாக இல்லை. கடைசியில் 2010 மே 28ஆம் தேதி பிரான்சின் அரசியல் சாசன மன்றம், ஒரே வெளிநாட்டில் வசிக்கும் இரண்டு பேருக்கு நடுவே குடியுரிமையை மட்டும் வைத்துத் தொகையில் வித்தியாசம் காட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2011 ஜனவரி ஒன்றுக்குள் சட்டத்தை மாற்ற வேண்டும் என்றும் கெடு வைத்தது. ஐம்பது வருடம். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்! அந்த வகையிலும் செலவு மிச்சம்தான்.

இந்த விஷயத்தில் நம் நீதிமன்றம் முந்திக்கொண்டது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தார். பெரியப்பா பிரெஞ்சு எல்லைக்கு அந்தப்பக்கம் மாயவரத்தில் தபால் துறையில் இருந்தவர். 1979 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். அதே வருடம் மே மாதம் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கி உத்தரவு போட்டது. ஆனால் 1979 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும்தான். பெரியப்பா ஒரு மாதத்தில் தவறவிட்டார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் மே மாதம் ஓய்வு பெற்று அவரைவிட அதிகம் வாங்கினார். "நான் என்னடா தப்பு பண்ணினேன், ரெண்டு மாசம் முன்னாடி பொறந்துட்டேன்" என்பார்.

பாதுகாப்புத் துறையில் நிதி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா என்பவர் வழக்குப் போட்டார். 'காமன் காஸ்' என்ற அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1982 டிசம்பர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பென்ஷன் என்பது அரசு மனம் வைத்துப் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கு உரிய உரிமை. ஓய்வு பெற்ற தேதியை மட்டும் வைத்து ஒரே வகையினரை இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம். பழைய பாக்கி கிடையாது, உத்தரவில் சொன்ன தேதியிலிருந்துதான் என்று ஒரு கட்டுப்பாட்டையும் அதே தீர்ப்பில் வைத்தார்கள். கஜானாவையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். பெரியப்பாவுக்கு அரியர் மணியார்டர் வந்த அன்று தெருவுக்கே காபி. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினமாக நாம் கொண்டாடுவது இதற்காகத்தான். சங்கக் கூட்டத்துக்கு வரும் இளையவர்களில் பலருக்குக் காரணம் தெரியவில்லை, அதனால் எழுதினேன்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கனவே உள்ள பென்ஷன்காரர்களைத் தேதி போட்டுப் பிரிப்பது கடினமாகிவிட்டது. அதனால் வரப்போகிறவர்கள்மேல் தேதி போட்டார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1. மத்திய அரசிலும் நம் புதுச்சேரியிலும் 2004 ஜனவரி 1. அன்றைக்கோ அதற்குப் பிறகோ வேலைக்குச் சேர்கிறவருக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்தம், அரசு பத்து போடும், சந்தையில் என்ன விளைகிறதோ அது. (மத்திய அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் 14 ஆனது.) இன்னும் வேலைக்கே வராதவன் எந்தச் சங்கத்தில் இருக்கிறான், யார் அவனுக்காகக் கொடி பிடிப்பார்கள்? உண்மையைச் சொன்னால் நாங்களும் பிடிக்கவில்லை. என் பென்ஷன் பத்திரமாக இருந்தது. அன்றைக்கு எங்கள் ஆபீசில் இதைப் பற்றி ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் பேசினோம், அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்தில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பென்ஷன் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய 1,70,000 பேரை அரசு ஒரே வீச்சில் நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்றது. பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களாவது நிரந்தர ஊழியர்கள். மக்கள் நலப் பணியாளர்கள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நியமனம், 1991இல் நீக்கம். மறுபடி சேர்ப்பு, 2001இல் நீக்கம். மறுபடி சேர்ப்பு, 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் நீக்கம். ஆட்சி மாறினால் வேலை போகும். வீட்டுக்குப் போனவருக்கு ஒரு ரூபாய் படி உண்டா? 2022இல் மாதம் 7,500 ரூபாய்க்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலை தருகிறோம் என்று அரசு முன்வந்தபோது, பலர் அறுபதை நெருங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு 1954இல் ஒரு அரசாங்கமே போய்விட்டது, அவருக்கு ஒரு நாள் சம்பளம்கூட விட்டுப்போகவில்லை. இவர்களுக்கு மந்திரிசபைதான் மாறியது.

இனி என் தங்கை மகன் விஷயம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவன் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறான். விளம்பரம் வந்தது 2003 நவம்பரில். தேர்வு, நேர்முகம், போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து ஆர்டர் கைக்கு வந்தது 2004 செப்டம்பரில். அந்த இடைவெளியில் ஜனவரி ஒன்று வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் பிடித்தம் கட்டினான். 2023 மார்ச் 3ஆம் தேதி மத்திய ஓய்வூதியத் துறை ஒரு உத்தரவு வெளியிட்டது. புதிய திட்டத்துக்கான அறிவிக்கை வந்த 2003 டிசம்பர் 22க்கு முன்னால் விளம்பரம் செய்யப்பட்ட பணியிடத்தில் சேர்ந்தவர்கள், ஒரே ஒரு தடவை, பழைய பென்ஷனுக்கு மாற விருப்பம் கொடுக்கலாம். ஆகஸ்ட் 31 கடைசித் தேதி. நீதிமன்றம் நீதிமன்றமாக வழக்குப் போட்டவர்களால் வந்த பலன் இது.

விருப்பம் கொடுத்தான். விளம்பர நகல் எங்கே என்று கேட்டார்கள். ஆபீஸ் ஃபைலில் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய விளம்பரத்தை யார் வைத்திருப்பார்கள்? ஜூலை மாதம் ஒரு ராத்திரி ஃபோன் செய்தான். "மாமா, ஒரு பேப்பர்த் துண்டு இல்லாம எல்லாம் போயிடும் போலிருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னான். நானும் அவனும் இரண்டு நூலகத்தில் பழைய கட்டுகளைப் புரட்டினோம். கிடைக்கவில்லை. கடைசியில் அவனோடு அதே தேர்வு எழுதி வேறு ஊரில் பணியில் இருக்கும் ஒரு பெண், தன் விண்ணப்பத்தோடு அந்த விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தார். அவர் அனுப்பிய நகலைப் பிரிண்ட் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கொடுத்தோம். அக்டோபர் கடைசியில் ஆர்டர் வந்தது. தங்கை திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றிவிட்டு வந்தாள்.

அவனுக்கு எதிர் மேஜையில் ஒருவர் இருக்கிறார். அவரும் 2004 செப்டம்பரில்தான் சேர்ந்தார். சம்பளமும் அதேதான். அவருடைய பணியிடத்துக்கு விளம்பரம் வந்தது 2004 ஜனவரி இரண்டாவது வாரம். 2025 ஏப்ரல் முதல் வந்திருக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 வருடம் முடித்தால் கடைசி ஒரு வருட அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்கிறார்கள். மாறலாமா வேண்டாமா என்று அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாராம். இவன் டிபன் டப்பாவைத் திறந்தால், அவர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு வருவார். தன் ஆர்டர் வந்த விஷயத்தை அவரிடம் சொல்ல இவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று.